தண்டச்சோறு என்ற வசையும் தபாலில் வந்த கடனும்

2016-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது சென்டர்லிங்க். வேலையில்லாதவர்கள், மாணவர்கள், மாற்றுத்திறனாளிகள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் என அரசு உதவித்தொகை பெறுகிற எல்லோருக்கும் பணம் போடுகிற அலுவலகம் அது. சில வருடங்களுக்கு முன்பு நீங்கள் எங்களிடம் சொன்ன வருமானமும் வரித்துறையிடம் இருக்கிற கணக்கும் ஒத்துப்போகவில்லை, இணையதளத்தில் போய்ச் சரிபாருங்கள் என்றது கடிதம். இந்த வேலையைக் கவனிக்கிற பிரிவின் தொலைபேசி எண்கூட அதில் இல்லை. வீடு மாறியவர்களில் பலருக்குக் கடிதம் கைக்கே வரவில்லை. அவர்களில் சிலருக்கு முதல் தகவலாக வந்தது, கடன் வசூல் ஏஜென்சியின் போன்.

மக்கள் இதற்கு வைத்த பெயர் ரோபோடெட். ரோபோ போட்ட கடன் என்று பொருள். அடுத்த மூன்று ஆண்டுகளில் சுமார் 4,33,000 பேர் மீது, ஏறக்குறைய 176 கோடி ஆஸ்திரேலிய டாலர் கடன் சுமத்தப்பட்டது. அதில் 75 கோடி டாலர் வசூலும் ஆனது. பிறகு அந்தக் கடன்கள் சட்டப்படி செல்லாதவை என்று அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

ஒரு ஜனநாயக நாட்டில், நீதிமன்றமும் பத்திரிகையும் எதிர்க்கட்சியும் இருக்கிற நாட்டில், இது எப்படி இத்தனை நாள் நடந்தது? அதிகாரிகளின் தவறு, அமைச்சர்களின் பிடிவாதம் இரண்டும் உண்டு. ஆனால் அவற்றுக்கு அடியில் ஒன்று இருந்தது. உதவித்தொகை வாங்குகிறவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று ஊர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தது.

முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அதைப் போட்டுப் பார்த்தால்தான் நடந்தது என்னவென்று விளங்கும்.

ஓர் இளைஞன் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய நிதியாண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு கிடங்கில் வேலை பார்த்து 20,800 டாலர் சம்பாதிக்கிறான். ஜனவரியில் வேலை போய்விடுகிறது. சென்டர்லிங்கில் பதிகிறான். அன்றைக்கு வேலையில்லாத தனி ஆளுக்கு இரண்டு வாரத்துக்குச் சுமார் 530 டாலர் கிடைக்கும். ஒவ்வொரு தவணையிலும், 'இந்த இரண்டு வாரம் எனக்கு வருமானம் இல்லை' என்று உள்ளதைச் சொல்லித்தான் அவன் அந்தப் பணத்தை வாங்குகிறான். பொய் எதுவும் இல்லை.

சில வருடம் கழித்துக் கணினி அவனுடைய வரிக்கணக்கை எடுக்கிறது. ஆண்டு வருமானம் 20,800. ஆண்டுக்கு இரு வாரத் தவணைகள் 26. வகுத்தால் 800. உடனே, ஜனவரி முதல் ஜூன் வரை ஒவ்வொரு தவணையிலும் அவன் 800 டாலர் சம்பாதித்து, அதை மறைத்துவிட்டதாக ஆகிவிடுகிறது. 800 டாலர் வருமானம் உள்ளவனுக்கு விதிப்படி உதவித்தொகையில் பெரும்பகுதி கிடையாது. 13 தவணைக்கும் சேர்த்து ஐயாயிரம் டாலர் அளவுக்குக் கடன். பலருக்கு அதன் மேல் 10 சதவீதம் அபராதம் வேறு. இந்த இளைஞன் நான் உதாரணத்துக்குச் சொன்னவன். இதே வகுத்தல் கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள்.

ஆண்டு முழுக்க ஒரே சம்பளம் வாங்குகிறவருக்கு இந்தச் சராசரிக் கணக்கு பொருந்தும். ஆனால் உதவித்தொகை வாங்குகிறவர் யார்? இந்த மாதம் வேலை, அடுத்த மாதம் இல்லை என்று இருப்பவர்தானே? எந்த மனிதருக்குச் சராசரி பொருந்தவே பொருந்தாதோ அந்த மனிதர்மீதே அதைப் போட்டார்கள். சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு இரண்டு வாரத்திலும் உண்மையில் என்ன வருமானம் வந்ததோ அதைத்தான் பார்க்கவேண்டும் என்றது சட்டம்.

முன்பும் வரித்துறைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆனால் வித்தியாசம் தெரிந்தால் ஓர் அலுவலர் கோப்பை எடுப்பார், முதலாளியிடம் கேட்பார், பிறகுதான் முடிவுக்கு வருவார். அப்படி வருடத்துக்கு 20,000 பேரை விசாரித்த இடத்தில், புதிய முறை வாரத்துக்கு 20,000 கடிதம் அனுப்பியது. முதலாளியிடம் கேட்கிற வேலை அலுவலரிடமிருந்து கழற்றப்பட்டு, கடிதம் வாங்கியவர் தலையில் வைக்கப்பட்டது. என்றோ வேலை பார்த்த ஓட்டலின் சம்பளச் சீட்டைத் தேடிக் கொண்டுவா. ஓட்டல் மூடிப்போயிருந்தால் அது உன் பாடு. கொண்டுவராவிட்டால் கணினி சொன்னதே கணக்கு. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக்கூட, குற்றத்தை நிரூபிக்கவேண்டியது அரசின் பொறுப்பு. 530 டாலர் வாங்கியவருக்கு அந்த உரிமை இல்லாமல் போனது.

இனி மனப்போக்குக்கு வருவோம். ஆங்கிலம் பேசும் ஆஸ்திரேலியர்களிடம், உழைக்காமல் அரசுப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்று குத்துகிற ஒரு வசைச்சொல் 1970-களிலிருந்தே புழங்குகிறது. நம்மிடம் அதற்கு நேரான சொல் தண்டச்சோறு. இதை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று தெரியும். வேலை கிடைக்காத ஒருவனை அந்த ஒரு சொல் குற்றவாளியாக்கிவிடும். 1996-இல் மெல்பேர்னைச் சேர்ந்த வேலையில்லாத இளம் உடன்பிறப்புகள் மூவரை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி பிடித்துக்கொண்டது. தூரத்துத் தீவு ஒன்றின் விடுதியில் வேலை தருகிறோம் என்றபோது அவர்கள் மறுத்ததைத் திரும்பத் திரும்பக் காட்டி, நாட்டின் சோம்பேறித்தனத்துக்கே முகமாக அவர்களை ஆக்கிவிட்டது. 2014 மே மாதம் சிட்னியின் டெய்லி டெலிகிராப், மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் பெறுகிறவர்களின் எண்ணிக்கையைப் போரில் காயமுற்ற சிப்பாய்களின் எண்ணிக்கையோடு முதல் பக்கத்தில் ஒப்பிட்டது. நோயையும் ஊனத்தையும் இதைவிட மோசமாக எடைபோட முடியாது.

இந்தத் தரையில்தான் ரோபோடெட் முளைத்தது. 2015 ஜனவரியில், அப்போது சமூக சேவைகள் அமைச்சராக இருந்த ஸ்காட் மாரிசன், நலத்திட்டப் பணத்துக்குக் கண்டிப்பான போலீஸ்காரராக இருக்கப்போவதாகச் சொன்னார். அந்த ஆண்டு மே மாத பட்ஜெட்டில் இத்தகைய சோதனைகள் மூலம் ஐந்தாண்டில் 170 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டப்பட்டது. 2016 டிசம்பரில் இன்னொரு அமைச்சர் ஆலன் டட்ஜ் தொலைக்காட்சியில் தோன்றி, உங்களைத் தேடிக் கண்டுபிடிப்போம், கடனைக் கட்டவேண்டியிருக்கும், சிறைக்கும் போகலாம் என்று எச்சரித்தார். இப்படிப் பேசினால் ஓட்டு குறையும் என்று எந்த அமைச்சரும் அஞ்சியதாகத் தெரியவில்லை.

உண்மையான மோசடி எவ்வளவு, மக்கள் நினைக்கிற மோசடி எவ்வளவு? பிரிட்டனில் இதை அளந்தே பார்த்தார்கள். 2013-இல் இப்சோஸ் மோரி நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், உதவித்தொகையாகச் செலவாகும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் 24 பவுண்டு மோசடியாகப் போகிறது என்று மக்கள் நினைத்தார்கள். அன்றைய அரசு மதிப்பீடு 70 பென்ஸ். ஒரு பவுண்டுகூட இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பிரிட்டனில் அந்த விகிதம் கூடியது உண்மை. 2023-24-இல் அது 2.8 சதவீதம் என்கிறது அரசுக் கணக்கு. அப்படியும் மக்கள் மனத்தில் இருந்த 24 எங்கே, இந்த 2.8 எங்கே?

இங்கே ஒரு விளக்கம் அவசியம். அரசு கூடுதலாகக் கொடுத்துவிட்ட பணமெல்லாம் மோசடி ஆகாது. தெரிந்தே பொய் சொல்லி வாங்குவது மோசடி. படிவத்தைத் தப்பாக நிரப்புவது, மாறிய வருமானத்தைச் சொல்ல மறப்பது பயனாளியின் பிழை. அலுவலகம் தப்பாகக் கணக்குப் போடுவது அலுவலகத்தின் பிழை. பிரிட்டன் அரசு இம்மூன்றையும் தனித்தனியாகவே வெளியிடுகிறது. செய்தித் தலைப்பில் ஏறும்போது மூன்றும் ஒன்றாகி, 'மோசடி' என்ற ஒரே சொல்தான் மிஞ்சுகிறது.

மோசடியே இல்லை என்று நான் சொல்லவில்லை. வடக்கு லண்டனில் கடைகளை முகமூடியாக வைத்துக்கொண்டு, பொய்ச் சம்பளச் சீட்டும் பொய் வாடகை ஒப்பந்தமும் தயாரித்து, ஆயிரக்கணக்கான போலி விண்ணப்பங்களில் 5 கோடி பவுண்டுக்கு மேல் சுருட்டிய ஐந்து பேர் கும்பலுக்கு 2024-இல் தண்டனை கிடைத்தது. அது ஏழைகள் பணத்தைத் தின்ற கொள்ளை. அவர்களைப் பிடித்தே ஆகவேண்டும். ஆனால் அந்தக் கும்பலைப் பிடித்தது பல ஆண்டு துப்பறிந்த வேலை. சராசரிக் கணக்கு போட்டு மாணவர்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தால் அப்படிப்பட்ட ஒருவன்கூட மாட்டியிருக்கமாட்டான். கும்பல்மீது வருகிற நியாயமான கோபம் மாணவன் தலையில் இறங்குவதுதான் இதில் அநியாயம்.

நெதர்லாந்தில் அப்படியேதான் ஆனது. பல்கேரியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து உதவித்தொகை சுருட்டிய ஒரு மோசடி 2013-இல் தொலைக்காட்சியில் அம்பலமானது. நாடு கொதித்தது, வரித்துறை கடுமை காட்டியது. குழந்தைக் காப்பகச் செலவுக்கு உதவி பெற்ற பெற்றோர், ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்காகவோ, தங்கள் பங்கில் சிறு தொகை கட்டாததற்காகவோ, ஆண்டு முழுவதும் பெற்ற பணத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களைக் கணினி கூடுதல் சந்தேகத்தோடு பார்த்தது. வேலை, வீடு, திருமணம் எனப் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை இதற்காக ராஜினாமா செய்தது.

மறுபடியும் ஆஸ்திரேலியா. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்கள் இணையத்திலும் பத்திரிகைகளிலும் பேசத் தொடங்கினார்கள். அமைச்சர் டட்ஜின் அலுவலகம் குறையைக் கேட்கவில்லை. புகார் சொன்னவர்களைப் பற்றிய தனிப்பட்ட விவரங்கள் பத்திரிகையாளர்களுக்குப் போயின. வாயைத் திறந்தால் உன் கதையும் வெளியே வரும் என்று மற்றவர்களுக்குப் புரிந்தது. பிறகு விசாரித்த ராயல் கமிஷன் என்ற உயர் விசாரணை ஆணையம் இதை அதிகார துஷ்பிரயோகம் என்றே எழுதியது.

அதே ஆண்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இருந்த சட்டப் பேராசிரியர் டெரி கார்னி, இப்படிப் போட்ட கடன்களுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று ஐந்து வழக்குகளில் முடிவு சொன்னார். அந்தத் தீர்ப்பாயத்தின் முதல் கட்ட முடிவுகள் அன்று வெளியிடப்பட்டதில்லை. அரசு மேல்முறையீடும் செய்யவில்லை, திட்டத்தை நிறுத்தவும் இல்லை. வழக்குப் போட்ட ஐந்து பேருக்கு விடுதலை. அது தெரியாத லட்சக்கணக்கானவர்கள் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். கார்னியின் பதவி அந்த ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை. 2014-லேயே துறைக்குள் ஒரு சட்ட ஆலோசனை இந்த முறை சட்டத்துக்கு ஒத்துவராது என்று எழுதி வைத்திருந்தது என்பது பின்னால் தெரிந்தது. தெரியாமல் நடந்த பிழை என்று இதைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

வரி ரீபண்டு பிடித்துக்கொள்ளப்பட்ட மெல்பேர்ன் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், 2019 நவம்பர் 27 அன்று அரசு தோல்வியை ஒப்புக்கொண்டது. பிறகு கூட்டு வழக்கு, வசூலித்த பணத்தைத் திருப்பித் தருதல், 11.2 கோடி டாலர் இழப்பீடு. 2022-இல் ஆட்சி மாறியபின் முன்னாள் தலைமை நீதிபதி கேதரின் ஹோம்ஸ் தலைமையில் ராயல் கமிஷன் அமைந்தது. கடன் கடிதத்துக்குப் பிறகு தற்கொலை செய்துகொண்ட தங்கள் மகன்களைப் பற்றி இரண்டு தாய்மார் அதன் முன் சாட்சி சொன்னார்கள். ஊர் தங்களை ஏமாற்றுக்காரர் என்று நினைக்குமே என்ற வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் கடனைக் கட்டினோம் என்றார்கள் வேறு பலர்.

2023 ஜூலை 7 அன்று வெளியான அறிக்கையில் 57 பரிந்துரைகள் இருக்கின்றன. நலத்திட்டத்தில் மோசடி மிக மிகச் சொற்பம் என்பதே தன்முன் வந்த சாட்சியம், ஆனால் அமைச்சர்கள் ஆண்டாண்டாகப் பேசியதைக் கேட்டவருக்கு அப்படித் தோன்றியிருக்காது என்றும் கமிஷன் சொன்னது. உதவி பெறுகிறவர்களைப் பற்றிய சமூகத்தின் எண்ணம் மாறவேண்டும், அந்த மாற்றத்தை அரசியல்வாதிகள்தான் தொடங்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. என்னைப் பொறுத்தவரை அந்த நீண்ட அறிக்கையில் மிக முக்கியமான பகுதி இதுதான். கணினியை ஒரு நாளில் நிறுத்திவிடலாம்; ஊர்வாயை அப்படி நிறுத்த முடியாது.

அடுத்த ஆண்டு, பொது ஊழியர்கள் 12 பேர் நடத்தை விதிகளை 97 முறை மீறியதாகக் கண்டறியப்பட்டது. கமிஷன் தனக்கு எதிராகச் சொன்ன முடிவுகளை மாரிசன் ஏற்கவில்லை. 2025 செப்டம்பரில், மேலும் 47.5 கோடி டாலர் இழப்பீடு தர அரசு சம்மதித்தது. பழைய இழப்பீடு, திருப்பித் தந்த பணம், ரத்தான கடன்கள் எல்லாம் சேர்த்து மொத்தம் ஏறக்குறைய 240 கோடி டாலர். மிச்சம் பிடிக்கப்போவதாக 2015-இல் காட்டிய தொகையைவிட அதிகம்.

எந்த நாட்டிலும் எந்த அரசும் 'இத்தனை லட்சம் போலிப் பயனாளிகள் நீக்கம்' என்று அறிவிக்கும்போது, அந்தச் செய்தியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். நீக்கப்பட்டவர்களில் மோசடி நிரூபணமானது எத்தனை பேருக்கு? முறையிட்டபின் திரும்பச் சேர்க்கப்பட்டவர் எத்தனை பேர்? இரண்டும் இல்லையென்றால், அவற்றைக் கேட்டு எழுதுங்கள்; அரசுக்கும், செய்தி போட்ட பத்திரிகைக்கும்.