தோலோடு ஊறும் வெள்ளைத் திராட்சை

இத்தாலியின் வடகிழக்கு ஓரத்தில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய குன்றுகளில், கொரீட்சியா நகருக்கு அருகே இருக்கிறது ஒஸ்லாவியா. முதல் உலகப் போரில் இசோன்ட்சோ ஆற்றங்கரைச் சண்டைகள் இந்தக் குன்றுகளைச் சின்னாபின்னமாக்கின. இறந்தவர்களில் ஏறத்தாழ 57,000 வீரர்களின் எலும்புகள் இங்குள்ள நினைவுக் கோபுரத்தில் வைக்கப்பட்டுள்ளன. போருக்கு முன் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கையில் இருந்த பகுதி இது. பல குடியானவர் வீடுகளில் பேச்சு இன்றும் ஸ்லோவேனிய மொழியில்தான். இந்த மண்ணுக்கு உரிய திராட்சை ரிபொல்லா ஜால்லா. தடித்த மஞ்சள் தோல் கொண்ட இதைச் சுற்றித்தான் இத்தாலியின் இயற்கை ஒயின் முயற்சிகளில் மிகத் துணிச்சலானவை நடந்தன.

வெள்ளை ஒயின் வழக்கமாக எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால்தான் அந்தத் துணிச்சல் புரியும். பறித்த திராட்சையை உடனே பிழிந்து, தோலையும் விதையையும் ஒதுக்கிவிடுவார்கள். தெளிந்த சாற்றை எஃகுத் தொட்டியில் ஊற்றி, ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட்டைச் சேர்த்து, குளிரூட்டி நொதிக்கவிடுவார்கள். பிறகு வடிகட்டி, கெடாமல் இருக்கக் கந்தக டைஆக்சைடு கலந்து, சில மாதங்களில் புட்டியில் அடைத்துவிடுவார்கள். ஒயின் தெளிவாக இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு சுவை மாறாது. ஆனால் எந்தத் தோட்டத்துப் பழம் என்று நாக்குக்குத் தெரியாது.

ஒஸ்லாவியாவின் யோஷ்கோ கிராவ்னர் இந்த முறையில் பெரிய பெயர் எடுத்தவர். முதலில் எஃகுத் தொட்டி, பிறகு பிரான்சிலிருந்து வந்த சிறிய ஓக் பீப்பாய் என்று காலத்தோடு ஓடியவர். 1987-இல் கலிபோர்னியாவுக்குப் போய் அங்குள்ள ஒயின்களை வரிசையாகச் சுவைத்தபோது, ஒயின் தொழில் போய்க்கொண்டிருக்கும் திசை அவருக்குக் கசந்தது. 1996-இல் ஆலங்கட்டி மழை ரிபொல்லா விளைச்சலின் பெரும்பகுதியை அழித்தது. மிஞ்சிய பழத்தைத் தோலோடு ஊறவைத்துப் பரிசோதித்தார். 2000-இல் ஜார்ஜியா சென்றார். மறு ஆண்டு முதல், அங்கிருந்து வரவழைத்த பெரிய மண் தாழிகளைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து, அவற்றிலேயே நொதிக்கவிடத் தொடங்கினார். அவரைப் புகழ்ந்த விமர்சகர்கள் பலர் கைவிட்டனர். பழைய வாடிக்கையாளர்களும் விலகினர்.

இத்தாலியில் இந்தத் தாழிகளை ‘ஆம்போரா’ என்றே சொல்கிறார்கள். ஆம்போரா உண்மையில் கைப்பிடி வைத்த, கப்பலில் ஏற்றும் சாடி. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டு அகழாய்வில் அதன் உடைசல்கள் கிடைத்திருப்பதால் தமிழ் வாசகர்களுக்கு அது புதிதல்ல. அப்படிப்பட்ட சாடிகளில்தான் இத்தாலியக் கம்பானியாவின் ஒயின் இந்தியக் கரைக்கு வந்தது. ஜார்ஜியத் தாழிக்குக் கைப்பிடி இல்லை, அது இடம்விட்டு நகர்வதும் இல்லை. உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். சுற்றியுள்ள மண் வெப்பத்தைச் சீராக வைக்கும். அடி குவிந்திருப்பதால் விதையும் மண்டியும் கீழே இறங்கி ஒதுங்கிக்கொள்ளும். இந்த ஜார்ஜிய முறையை 2013-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிராவ்னரின் ரிபொல்லா தோலோடு மாதக்கணக்கில் தாழியில் கிடந்து, பிறகு பெரிய ஓக் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். அறுவடையிலிருந்து சந்தைக்கு வர ஏழு ஆண்டு ஆகும். ஏழு ஆண்டு வருமானத்தைத் தள்ளிப்போடச் சிறு விவசாயி ஒருவருக்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும்!

அதே ஒஸ்லாவியாவில் ஸ்டாங்கோ ராடிகோன் 1995-இலேயே ரிபொல்லாவைத் தோலோடு ஊறவைக்கத் தொடங்கியிருந்தார். தாழி இல்லாமல் மரத்தொட்டியிலேயே செய்தார். அவர் கண்ட வழிதான் இந்த விஷயத்தின் மையம். திராட்சைத் தோலிலும் விதையிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. காற்றுப்பட்டு ஒயின் கெடுவதை அது தடுக்கும். தோலை ஒதுக்கினால் அந்தக் காவல் போய்விடும். அந்த இடத்தைக் கந்தகத்தால் நிரப்ப வேண்டும். தோல் கூடவே இருந்தால் கந்தகத்தின் தேவை குறையும். 2000-களின் தொடக்கத்தில் ராடிகோன் தன் முதன்மை ஒயின்களில் கந்தகம் சேர்ப்பதையே நிறுத்தினார். தேன் நிறம், லேசான கலங்கல், தேயிலையின் துவர்ப்பு எல்லாம் இதன் விளைவுகள். பின்னாளில் ‘ஆரஞ்சு ஒயின்’ என்ற பெயரில் உலகம் சுற்றியது இதுவே. 2016-இல் ராடிகோன் மறைந்தார், மகன் தொடர்கிறார்.

இப்படிக் கூடியவரை எதையும் சேர்க்காமல் செய்வதைத்தான் ‘இயற்கை ஒயின்’ என்கிறார்கள்; ஆனால் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்ட வரையறை கிடையாது. ஆர்கானிக் ஒயினுக்கு 2012-இல் விதி வந்தது. அதன்படி சர்க்கரை மிகக் குறைந்த ஒயினில், லிட்டருக்குச் சிவப்பில் 100 மில்லிகிராம், வெள்ளையில் 150 மில்லிகிராம் வரை கந்தக டைஆக்சைடு இருக்கலாம். சாதாரண ஒயினுக்கு வரம்பு 150, 200. சிறு தயாரிப்பாளர்கள் பலருக்கு இந்தக் கட்டுப்பாடு போதவில்லை. வெனெட்டோ மாநிலத்தின் கம்பெல்லாராவில் கார்கனேகா திராட்சை வளர்க்கும் ஆஞ்ஜோலீனோ மௌலே, முன்பு பீட்சா சுட்டுப் பிழைத்தவர். கிராவ்னரைச் சந்தித்து ஊக்கம் பெற்ற அவர் 2006-இல் ‘வின்நாட்டூர்’ சங்கத்தைத் தொடங்கினார். அதன் வரம்பு சிவப்புக்கு 30, வெள்ளைக்கு 50 மில்லிகிராம். உறுப்பினர்களின் ஒயினில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். 1986-இல் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த நாட்டில், இந்தச் சோதனை வெறும் சடங்கல்ல.

தெற்கே சிசிலித் தீவின் வித்தோரியாவில் 1980-இல் மூன்று நண்பர்கள் தங்கள் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘காஸ்’ என்ற ஒயின் கூடத்தைத் தொடங்கினர். நேரோ தாவொலா, ஃப்ரப்பாட்டோ என்ற உள்ளூர்ச் சிவப்புத் திராட்சைகளை 2000 முதல் மண் சாடிகளில் நொதிக்கவிடுகிறார்கள். அவர்களில் ஒருவரான ஜுஸ்தோ ஒக்கிபிந்தியின் உறவுப்பெண் அரியான்னா 2004-இல் ஒரே ஒரு ஹெக்டேரில் தனியே தொடங்கி, இன்று உலகம் அறிந்த பெயராகிவிட்டார்.

எதையும் சேர்க்காவிட்டால் நல்ல ஒயின் தானாக வந்துவிடும் என்று எண்ணுவது பெரும் பிழை. கந்தகம் இல்லாத ஒயினில் வினிகர் வாடையோ எலி நாற்றமோ வந்துவிடக்கூடும். அப்படிப்பட்ட ஒயினை ‘இதுதான் இயற்கை’ என்று விற்பவர்களும் உண்டு. அழுகிய ஒரு கொத்துகூடக் கூடத்துக்குள் வராதபடி கையால் பொறுக்க வேண்டும். பாத்திரங்கள் பளிச்சென்று இருக்க வேண்டும். பாதி வேலை கொடிக்கு அடியிலேயே முடிந்துவிடுகிறது: வரிசைகளுக்கு இடையே புல்லும் பயறு வகைகளும் வளர்ப்பது, களைக்கொல்லியைத் தவிர்ப்பது. கிராவ்னர் தோட்டத்துக்குள் குளங்களை வெட்டிப் பூச்சிகளையும் பறவைகளையும் வரவைத்தார்.

இத்தகைய கூடங்களைக் கண்டுபிடிக்க லேபிளில் உள்ள தரமுத்திரை அதிகம் உதவாது. ‘டி.ஓ.சி.’ என்ற முத்திரைக்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் சுவைக்குழு ஒன்றின் ஒப்புதல் தேவை. கலங்கிய, நிறம் மாறிய ஒயின் அங்கே தட்டிக்கழிக்கப்படலாம். அதனால் கிராவ்னரும் ராடிகோனும் ‘வெனேட்சியா ஜூலியா ஐ.ஜி.டி.’ என்ற தளர்வான பிரிவிலேயே விற்றனர். வேறு சிலர் வெறும் ‘வீனோ’ என்று அச்சிடுகிறார்கள். லேபிளில் பார்க்க வேண்டியவை தயாரிப்பாளரின் பெயர், ஊர், அவரே வளர்த்த பழமா என்ற குறிப்பு. ஆண்டுதோறும் வசந்தத்தில் வெரோனா நகரில் பெரிய ஒயின் சந்தை கூடும் நாட்களை ஒட்டி, இயற்கை ஒயின்காரர்கள் அருகிலேயே தனிக் கூட்டம் நடத்துவது வழக்கம். மேசைக்குப் பின்னால் நின்று ஊற்றித் தருபவர் பெரும்பாலும் அந்தக் கொடியைக் கவாத்து செய்தவராகவே இருப்பார்.

வாங்கிய ஒயினை வெயில் படாமல், வெப்பம் ஏறாமல் வைக்க வேண்டும். கந்தகம் குறைந்த புட்டி சூட்டைத் தாங்காது. தோலோடு ஊறிய வெள்ளை ஒயினை அதிகம் குளிரவைத்தால் துவர்ப்பு மட்டுமே தூக்கலாகத் தெரியும். சற்றுக் குளிர்ந்த அறையின் வெப்பமே அதற்குப் பொருத்தம். அகன்ற கோப்பையில் ஊற்றிச் சிறிது நேரம் காற்றாட விட்டால் மணம் திறக்கும்.