தபால் பை ஏறிய கப்பலும் ஏறாத கப்பலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி முதல் உலகப்போர் வரை, கடல்கடந்து கடிதம் கொண்டு செல்வதற்காக நீராவிக் கப்பல் நிறுவனங்களோடு அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் பெயரளவில்தான் தபால் ஒப்பந்தங்கள். எந்தக் கடல்வழியில் எந்த நிறுவனம் நிலைத்து நிற்கும் என்பதைத் தீர்மானித்தவையும் அவையே. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய போட்டியைக் கட்டணப் போட்டியாகவே சொல்லிப் பழகிவிட்டதால், அதற்கு அடியில் கிடந்த தபால் ஏற்பாடு உரிய கவனத்தைப் பெறவில்லை. அந்த ஏற்பாட்டின் நிபந்தனைகளை ஆராய்ந்தால் அந்தப் போட்டியின் உருவமே சற்று மாறித் தெரியும்.

1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து கொழும்புக்குச் சென்ற ஒரு கடிதத்தின் வழி இதைப் புரிந்துகொள்ள உதவும். பாளையங்கோட்டைப் பக்கக் கரையில் எழுதப்பட்ட அக்கடிதம், 1840களில் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலத்தின் மீது தாமிரபரணியைக் கடந்து ரயில் நிலையத்தை அடைந்து, அங்கிருந்து கிளைப்பாதையில் மணியாச்சிக்குப் போய், சென்னையிலிருந்து தெற்கே வந்த, கொழும்புக் கப்பலோடு இணைந்த போட் மெயில் ரயிலில் ஏறித் தூத்துக்குடியைச் சேரும். அதன்பின் ஓரிரவுக் கடற்பயணம். ஆற்றைக் கடந்ததும் ரயில் மாறியதும் அரசுத் தபால் துறையும் தென்னிந்திய ரயில்வேயும் தம் பொறுப்பில் நடத்திய வேலைகள்; கரையிலிருந்து கொழும்பு வரையிலான பகுதி மட்டும் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்தப் பகுதியும் ரயிலைப்போலவே நாள் தவறாமல், நேரம் தவறாமல் நடந்தாக வேண்டும் என்பதற்காகவே ஒப்பந்தம் தேவைப்பட்டது.

இவ்வகை ஒப்பந்தத்தின் அடித்தளம் மானியம், அதாவது கப்பலில் எத்தனை கடிதம் ஏறுகிறது என்பதைப் பொருட்படுத்தாமல், குறித்த துறைமுகங்களுக்கு இடையே குறித்த கால இடைவெளியில் ஓடுவதற்காக ஆண்டுத் தொகையாகவோ மைல் கணக்கிலோ அரசு கொடுக்கும் பணம். அதற்கு ஈடாக நிறுவனம் ஏற்றுக்கொண்ட கடமைகள் பலவாக இருந்தன. புறப்படும் நாளும் மணியும், சராசரி வேகமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டன; தாமதமானால் அபராதம் மானியத்தில் கழிக்கப்பட்டது; கடல் சீற்றத்தால் நேர்ந்த தாமதத்துக்கு விலக்கு உண்டு. தபால் பைகளுக்குப் பூட்டக்கூடிய தனி அறை ஒதுக்க வேண்டும். அரசின் இசைவின்றி ஒரு கப்பலுக்குப் பதிலாக வேறொன்றை ஓட்டக் கூடாது. தபால் வந்து சேரத் தாமதமானால் குறித்த வரம்புக்குள் கப்பலை நிறுத்திவைக்கும் அதிகாரமும் அரசுத் தரப்புக்கு இருந்தது. எனவே அபராதம் எப்போதும் ஒரு பக்கமாகவே பாய்ந்தது: கப்பல் தாமதித்தால் நிறுவனத்துக்குத் தண்டனை, ரயில் தாமதித்தால் கப்பலுக்குக் காத்திருப்பு. அப்படியிருந்தும் இந்த ஒப்பந்தங்களுக்காக நிறுவனங்கள் முண்டியடித்தன என்பதே மானியத்தின் மதிப்பை எடுத்துச் சொல்லப் போதுமானது.

இம்முறை இந்தியாவில் தோன்றியதன்று. பின்னாளில் பி அண்ட் ஓ என்று பெயர்பெற்ற பெனின்சுலர் நிறுவனம், 1837ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் ஐபீரியத் தீபகற்பத்துக்கும் இடையே வாரந்தோறும் தபால் கொண்டு செல்ல, ஆண்டுக்கு 29,600 பவுன் மானியத்தில் ஒப்பந்தம் பெற்றது. அக்காலத்தில் இவ்வொப்பந்தங்களை நிர்வகித்தது தபால் துறை அன்று. கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியே 1860 வரை அவற்றைக் கவனித்துவந்தது. அதனால் கப்பலில் கடற்படை அதிகாரி ஒருவர் தபாலுக்குப் பொறுப்பாளராகப் பயணம் செய்து, கப்பல் புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் குறித்துவைத்தார். போர் மூண்டால் கப்பலை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியும், பீரங்கி தாங்கும் உறுதியோடு அதைக் கட்ட வேண்டும் என்ற விதியும் கடிதப் போக்குவரத்து உடன்படிக்கைக்குள் இடம்பெற்றன. இவ்வொப்பந்தங்களை ஆராய 1853இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை வகித்த கானிங் பிரபு, அப்போது பிரிட்டனின் தலைமை அஞ்சல் பொறுப்பில் இருந்தவர். 1856இல் இந்தியாவின் தலைமை ஆளுநராகக் கல்கத்தாவுக்கு வந்தவரும் அவரே.

அதே 1856ஆம் ஆண்டில்தான், கல்கத்தாவிலிருந்து பர்மாவுக்குத் தபால் கொண்டு செல்லும் ஒப்பந்தத்தை நம்பி, வில்லியம் மெக்கின்னன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் கல்கத்தா – பர்மா நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். இரண்டே கப்பல்களோடு தொடங்கிய அந்நிறுவனம், பாரசீக வளைகுடா வரை நீண்ட புதிய தபால் வழிகளை ஏற்று, 1862இல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பி.ஐ. என்று சுருக்கமாக வழங்கிய இந்நிறுவனம் பெரும் முதலாளியாக வளர்ந்த பிறகு தபால் ஒப்பந்தத்தைப் பெற்றதாக எண்ணுவது வரிசையைத் தலைகீழாக்குவதாகும். ஒப்பந்தமே அதை வளர்த்தது.

கொழும்புத் தபாலைக் கொண்டு சென்ற பி.ஐ.யின் தூத்துக்குடி முகவராக இருந்தது ஏ அண்ட் எஃப் ஹார்வி நிறுவனம். தாமிரபரணி மலையிறங்கும் பாபநாசத்து நீர்விசையைக் கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை நடத்தியவர்களும், தூத்துக்குடிக் கோரல் மில்லின் உரிமையாளர்களும் இந்த ஹார்விகளே. துறைமுகமோ ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நங்கூரம் பாய்ச்ச, பயணிகளும் பைகளும் சிறு நீராவிப் படகிலும், சரக்கு தோணியிலும் கப்பலுக்குச் சென்றாக வேண்டும். அரக்கு முத்திரையிட்ட தபால் பை ரயிலிலிருந்து இறங்கிப் படகில் ஏறிக் கப்பலின் தபால் அறைக்குள் பூட்டப்படும் வரை கைமாறும் ஒவ்வொரு இடமும் தாமதத்துக்கு இடம் தருவதாகையால், ரயிலின் வருகை, படகின் ஓட்டம், கப்பலின் புறப்பாடு மூன்றும் ஒரே அட்டவணைக்குள் கோக்கப்பட வேண்டியிருந்தது. அந்த அட்டவணை யாருடைய கப்பலுக்காக அமைந்ததோ, அவருடைய கப்பலே பயணிக்கும் வசதியான கப்பல் ஆயிற்று. மானியப் பணத்தைவிட இந்த இணைப்பே பெரிய சலுகை என்று கொள்ள இடமுண்டு.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் வகுத்துவைத்திருந்தது. 1898ஆம் ஆண்டு இந்தியத் தபால் சட்டம், அரசோடு செய்த ஒப்பந்தத்தின்படியோ தொடர்ந்த ஏற்பாட்டின்படியோ தபால் கொண்டு செல்லும் கப்பலை மட்டுமே தபால் கப்பல் என்று வரையறுத்தது. அச்சட்டத்தின் எட்டாம் இயல் மற்றக் கப்பல்களைப் பற்றியது: துறைமுகத்தை விட்டுப் புறப்படவிருக்கும் எந்தக் கப்பலின் மாலுமித் தலைவரும், தபால் அதிகாரி கொண்டுவந்து கொடுக்கும் பையை மறுக்காமல் வாங்கி, ரசீது கொடுத்து, சேருமிடத்தில் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதற்குக் கிடைத்தது மானியம் அன்று, சிறு அன்பளிப்புத் தொகை மட்டுமே. ஆக, ஒப்பந்தமில்லாத கப்பலுக்குப் பையைச் சுமக்கும் கடமை இருந்தது, கேட்டுப் பெறும் உரிமை இருக்கவில்லை. கடிதம் கொண்டு செல்வது அரசின் தனியுரிமையாக இருந்ததால், கப்பல் நிறுவனம் தானே கடிதம் வாங்கிக் கட்டணம் வசூலிக்கவும் வழியிருக்கவில்லை. கூலி வாங்காமல் நண்பர் ஒருவர் தம் பயணத்தின்போது கடிதம் கொண்டு போவதற்குச் சட்டம் விலக்களித்தது. ஊரிலிருந்து கொழும்புக் கடைக்குத் திரும்பும் ஆளிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்பும் திருநெல்வேலி வழக்கம் குற்றமாகாமல் தப்பியது இந்த விலக்கினால்தான்.

இத்தகைய சட்டச் சூழலில், 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளால் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டுவது அதன் திட்டம். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ. சிதம்பரம் பிள்ளை துணைச் செயலாளர். 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. காலியாவில் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்ற முடிந்தது. பயணி, சரக்கு ஆகிய இரண்டையும் மட்டும் நம்பி ஓடிய கப்பல்கள் இவை. எதிர்த்தரப்போ மானியம் வாங்கிப் பல கடல்வழிகளில் கப்பல் ஓட்டிய நிறுவனம். பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்க, சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது, பிறகு பி.ஐ. இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுக்க முன்வந்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. குடை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பயணியிடம் காசே வாங்காமல் ஒரு கப்பலை இயக்குவது, வேறு வருவாய் உறுதியாக உள்ளவருக்கு மட்டுமே இயலும் செயல். பயணிகளின் தேசப்பற்றைக் கொண்டு சுதேசிக் கம்பெனி அந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. வியப்புக்குரிய அளவு வெற்றியும் கண்டது.

1908 மார்ச் 12 அன்று சிதம்பரம் பிள்ளை கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கலகத்தில் தீக்கிரையான அரசுக் கட்டடங்களுள் தபால் நிலையமும் ஒன்று. வழிநடத்துவாரின்றிக் கடனில் தத்தளித்த கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17 அன்று, திருநெல்வேலியிலிருந்து வந்து மணியாச்சியில் நின்ற ரயில் பெட்டியில் கலெக்டர் ஆஷ் வாஞ்சிநாதனால் சுடப்பட்டபோது, அவர் காத்திருந்தது கொழும்புத் தபாலோடு தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக.

பி.ஐ.யின் வெற்றியும் இவ்வழியில் நெடுநாள் நிலைக்கவில்லை. 1914 பிப்ரவரி 24 அன்று தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறக்கப்பட்டதும், போட் மெயில் தூத்துக்குடியைக் கைவிட்டு இராமேசுவரம் தீவை நோக்கித் திரும்பியது. ஓரிரவுக் கடற்பயணம் ஏறத்தாழ இருபது மைலாகச் சுருங்க, கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற மூன்று கப்பல்களைத் தென்னிந்திய ரயில்வே தானே ஓட்டியது. கரையில் பையைச் சுமந்தவரே கடலிலும் சுமக்கத் தொடங்கியதால், இடையில் நின்ற கப்பல் முதலாளிக்கு வேலையில்லாமல் போயிற்று. ஒப்பந்தத்தின் பலத்தால் சுதேசிக் கப்பலை வென்ற நிறுவனத்தை, அந்த ஒப்பந்தத்துக்கு உயிர்கொடுத்த ரயில் அட்டவணையே ஒதுக்கித் தள்ளியது. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 2011 ஜூன் மாதம், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பல் மீண்டும் விடப்பட்டபோது, கடிதங்கள் எப்போதோ விமானத்துக்கு மாறிவிட்டிருந்தன. அக்கப்பலும் அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுபோயிற்று.

(தொடரும்)