முதியோர் இல்லங்கள்: படுக்கைக்குக் கணக்குண்டு, பணியாளருக்கு இல்லை

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் அருகே பாலேஸ்வரத்தில் இயங்கிவந்த ஆதரவற்றோர் இல்லத்தின் மீது 2018 பிப்ரவரியில் கடும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. நிர்வாகம் அவற்றை மறுத்தது. அதிகாரிகள் ஆய்வு நடத்தினர். அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டனர். இறந்தோரின் உடல்கள் கையாளப்பட்ட முறையே பெரும் விவாதமானது. உயிரோடிருந்தோரைக் கவனிக்க எத்தனை பணியாளர்கள் தேவை என்ற கேள்வி பின்தங்கிப்போனது.

சட்டமும் அந்த எண்ணைச் சொல்லவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007இன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற அளவில், குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. சேவைத் தரங்களை வகுக்கும் பொறுப்பை 19(2) மாநில அரசிடமே விட்டுவிட்டது. தனியார் இல்லங்களுக்கும் கட்டாயப் பதிவையும் குறைந்தபட்சத் தரங்களையும் முன்மொழிந்த திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, 2024இல் அவை கலைக்கப்பட்டபோது காலாவதியானது.

எண்ணிக்கையை வகுப்பது கடினமன்று. அமெரிக்க அரசு 2024இல் வெளியிட்ட விதி, ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பை வரையறுத்தது. 30 பேர் உள்ள இல்லத்துக்கு இது ஏறத்தாழ 104 மணி நேரம். எட்டு மணி நேர வேலை எனில் அன்றாடம் 13 பணியாளர்கள். இல்ல உரிமையாளர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அவ்விதியை ரத்து செய்தது. எண் மாறலாம், கணக்கிடும் முறை நமக்கும் பொருந்தும். ஒரு பணியிடத்தை இரவு பகலாக நிரப்ப வாரத்துக்கு 168 மணி நேரம் தேவை. ஒருவரின் வார வேலை 48 மணி நேரம். ஆக, ஒரே பணியிடத்துக்கு மூன்றரைப் பேர் வேண்டும். ஒருவரை மட்டும் நியமித்தால், எஞ்சிய சுமை அவருடைய உழைப்பிலிருந்தோ முதியவரின் உடலிலிருந்தோ பறிக்கப்படும்.

அந்தச் சுமைக்குச் சாதி உண்டு. மலம் அள்ளுதல், படுக்கைப்புண் கழுவுதல், பிணம் தூக்குதல் ஆகியவை பல இடங்களில் தலித் பெண்கள் மீதே விழுகின்றன. ஆள் பற்றாக்குறையின்போது ஆயாவே துப்புரவுப் பணியாளராகவும் ஆகிறார். பதிவேட்டில் மட்டும் இரண்டு பணியிடங்கள் நிரம்பியிருக்கும். பட்டியல் சாதியினரைப் பிணம் சுமக்கவோ குழி தோண்டவோ வைப்பது, 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் என்பதைப் பல நிர்வாகங்கள் கருதிப் பார்ப்பதில்லை.

எனவே கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். பராமரிப்பு, துப்புரவு, சமையல் என ஒவ்வொரு பணிக்கும், ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனித்தனியே குறைந்தபட்ச எண்ணிக்கையை மாநில அரசு விதியாக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அதுவரை, மாவட்ட சமூக நல அலுவலகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் மாவட்ட இல்லங்களில் இரவு ஷிப்டில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள்? விடை எதுவானாலும், அதிலிருந்து நம் வழக்கைத் தொடங்கலாம்.