பேசாத கருவி

மௌனம் இருவகைப்படும் என்று மாணவருக்குச் சொல்வதுண்டு: சொல்ல ஒன்றுமில்லாத மௌனம், சொல்லத் திராணியற்ற மௌனம். உலோகங் கண்டறியும் கைக்கருவிக்கும் இது பொருந்தும் நேயர்களே. அதன் கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. உலோகம் நெருங்கினால் அப்புலம் கலைய, கருவி ஒலிக்கிறது. பற்றரி தளர்ந்தால் ஒலியாது போகலாம்.

1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலிற் குண்டைத் தேடிய கிரகாம் பெல்லின் கருவியோ, கட்டிலின் உருக்குக் கம்பிகளுக்கும் ஒலித்துக் குழப்பியது. பாவம், அது மிகையாகப் பேசிய கருவி! பேசாத கருவி அதனினும் கொடியது. பிளாஸ்டிக் மிதிவெடியில் உலோகம் மிகச் சிறிதளவே உண்டு. ஆதலால் மிதிவெடி அகற்றுவோர், தெரிந்த உலோகத்துண்டொன்றில் கருவியைச் சோதித்த பின்னரே நிலத்தில் இறங்குவர்.

வாயில்களில் ஆட்களைச் சோதிக்கும் கருவிகள் பல 9 வோல்ற்றுப் பற்றரியில் இயங்குபவை. மீள மின்னேற்றும் பற்றரிகளிற் சில 8.4 வோல்ற்றே; எச்சரிக்கை விளக்கு முந்தியே எரியக்கூடும். நெடுநாள் பயன்படுத்தாவிடின் பற்றரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் முனைகளை அரித்துவிடும். உடலுக்குச் சற்று விலக்கி மெதுவாக நகர்த்துங்கள். அதற்குமுன் உங்கள் சாவிக்கொத்தின்மேல் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். புதுப் பற்றரி போட்ட அன்றுங்கூட.