தேவ்நாரில் ஒரு தூண்டில்காரர்! கொடுவாவைத் தேடி இருபது ஆண்டு

தேவ்நார் என்றால் மும்பைத் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1971-ல் திறக்கப்பட்ட ஆட்டுத்தொட்டி. அடுத்தது, 1927 முதல் ஊர்க் குப்பை வந்து சேர்ந்த குப்பைமேடு. அந்தக் குப்பைமேட்டுக்கு அப்பால், அலையாத்திக் காட்டைத் தாண்டினால் தானே காடி இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும் கழி அது. அந்தத் தண்ணீரில் பெரிய பெரிய கொடுவா மீன்கள் உலவுகின்றன என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பாதவர்கள் தேவ்நார் முனிசிபல் காலனியில் குடியிருக்கும் ஓர் அன்பரைக் கேட்டால் போதும். செம்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே அரைக்கால் சட்டையோடு மண்புழுவைக் கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்தவர். 1984-ல் மும்பைக்கு வந்தார். "என் பேரைப் போட்டுவிடாதீர்கள். மீன்காரர் வீடு எது என்று சம்பந்தி வீட்டார் கேட்டுக்கொண்டு வருவார்கள்" என்று சிரிக்கிறார். ஆகவே பெயர் வேண்டாம்.

மேனாட்டில் ஒரு பைத்தியம்

அமெரிக்காவில் "பாஸ்" என்று ஒரு ஏரி மீன் உண்டு. அதைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே படகு, பத்திரிகை, பரிசுப் போட்டி எல்லாம் வைத்திருக்கிறார்கள். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்ற ஏழை விவசாயி பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். எடை போட்டுப் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்! அந்தச் சாதனையை 77 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2009-ல் ஜப்பானில் பீவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவாகவே கூடுதலாக இருந்தது. இரண்டு அவுன்சாவது கூடினால்தான் புதிய சாதனை என்பது விதி. இருவரும் சமம் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

நம்முடைய கொடுவாவையும் மேனாட்டார் "ஆசியக் கடல் பாஸ்" என்றே அழைக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம் இல்லை. ஆனால் குணத்தில் அண்ணன் தம்பி போலத்தான். கல்லிடுக்கிலும் வேரடியிலும் பதுங்கியிருந்து, பக்கத்தில் வரும் இரையை "டொப்" என்ற சத்தத்தோடு உறிஞ்சிக் கொள்ளும். உருவத்தில் மட்டும் நம்மூர்க்காரன் பல மடங்கு பெரியவன். 2010-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மொண்டுரான் ஏரியில் தூண்டிலில் பிடித்த கொடுவா 44 கிலோவுக்கு மேல் இருந்தது.

தமிழ்நாட்டில் கொடுவா, மலையாளத்தில் காளாஞ்சி, வங்காளிக்குப் பேக்டி. இங்கே மராத்தியில் ஜிதாடா. ராய்கட் மாவட்டத்தில் பேண், அலிபாக் பக்கம் ஜிதாடாவுக்கு உள்ள மரியாதையே தனி. வயலோரக் குளத்தில் விட்டு வளர்த்து, வேண்டிய பெரிய மனிதர் வீட்டுக்கு முழு மீனாகவே கொடுத்தனுப்புவார்கள்.

திதி பார்த்துத் தூண்டில்

நம் அன்பர் தொடங்கியது பவாய் ஏரியில். 1955-ல் ஏற்பட்ட மகாராஷ்டிரத் தூண்டில்காரர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. மாவுருண்டை போட்டுக் கட்லா, ரோகு பிடிக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஏரியில் முதலைகளும் உண்டு என்பது தனிக் கதை. "அது உட்கார்ந்து பிடிக்கிற மீன். எனக்குப் பொறுமை போதவில்லை" என்கிறார். (கொடுவாவுக்காக ஒன்பது ஆண்டு காத்திருந்தவர் இப்படிச் சொல்வதுதான் வேடிக்கை.)

2002 வாக்கில் பட்டறையில் உடன் வேலை பார்த்த ஒரு கோலி நண்பர், டிராம்பே கோலிவாடாவில் தம் மாமாவிடம் அழைத்துப் போனார். எண்பதை நெருங்கிய அந்தக் கிழவரை எல்லோரும் "காக்கா" என்பார்கள். வந்தவரின் புது ராடையும் ரீலையும் காக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணா, இன்றைக்கு என்ன திதி?" என்றுதான் முதலில் கேட்டார். பதில் தெரியவில்லை. "திதி தெரியாதவனுக்குத் தண்ணீர் தெரியாது. போய்ப் பஞ்சாங்கம் வாங்கு" என்று அனுப்பிவிட்டார்!

கொங்கணக் கரை மீனவர்களின் கணக்கு மிக எளிது. திதி எண்ணை முக்காலால் பெருக்கினால் நீர் முழுவதும் ஏறி நிற்கும் மணி கிடைக்கும். அஷ்டமி என்றால் எட்டு. அதில் முக்கால் ஆறு. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஏற்றம். ஏகாதசி என்றால் எட்டேகால். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நண்பகலை ஒட்டி. நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிக்கொண்டே போகும். லோக்கல் ரயில் அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்கும் மும்பைக்காரனுக்கு இது பெரிய வித்தையா? ரயில் தவறினாலும் தவறும்; தண்ணீர் தவறாது.

இதில் தூண்டில்காரருக்கு என்ன லாபம்? கொடுவா இருட்டு கலையும்போதும் இருட்டுக் கட்டும்போதும் வேட்டையாடும். அமாவாசை, பௌர்ணமியில் விடியும் வேளையில் தண்ணீர் வற்றிச் சேறுதான் இருக்கும். தசமி, ஏகாதசியில் விடியும்போது நீர் ஏறிக்கொண்டிருக்கும். மடவைக் குஞ்சுகளும் இரால்களும் அந்த நீரோடு ஓடைகளுக்குள் நுழையும். ஓடை வாயில் கொடுவா நிற்கும். பிற்பகல் ஏற்றம் உள்ள நாளில் அந்தி வேளையில் தண்ணீர் இறங்கும். உள்ளே போன இரை அதே வாய் வழியாகத் திரும்ப வேண்டும். அப்போதும் கொடுவா அங்கேயேதான். "நாம் மீனைத் தேடிப் போகக் கூடாது, அது சாப்பிட வரும் இடத்தில் முன்னாலேயே போய் நிற்க வேண்டும்" என்கிறார் அன்பர்.

முள்ளும் தங்கூசும்

உயிர் இரால்தான் முதல் இரை. அதைக் கோப்பதிலும் ஒரு நுட்பம். தலையில் கொம்புக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். முள் அதில் பட்டால் இரால் உடனே செத்துவிடும். புள்ளிக்கு முன்னால் ஓட்டை மட்டும் துளைத்தால் வெகு நேரம் நீந்தும். செத்த இராலைக் கொடுவா பெரும்பாலும் மதிப்பதில்லை, நண்டுதான் தின்னும்.

கொடுவாவுக்கு வெட்டும் பல் கிடையாது. வாயைத் தடவினால் உப்புத்தாள் போல இருக்கும். ஆபத்து செவுள் மூடியில். அதன் ஓரம் சவர பிளேடு. மீன் தலையை உலுக்கும்போது நரம்பு அதில் பட்டால் போச்சு. முதல் மூன்று ஆண்டுகளில் இவர் இழந்த மீன்களில் பாதி அப்படிப் போனவை. ஒரு தடவை முள்ளை எடுக்கப் போய் உள்ளங்கை கிழிந்து நான்கு தையல் போட்டார்கள். அதன் பிறகு முள்ளுக்கு மேலே இரண்டு முழத்துக்குத் தடித்த தங்கூஸ் கட்டுகிறார். கையில் கித்தான் உறை.

மீன் மாட்டியதும் கம்பை வானத்துக்குத் தூக்குவது எல்லோரும் செய்யும் தவறு என்கிறார். தூக்கினால் கொடுவா மேலே துள்ளும், துள்ளினால் உலுக்கும், உலுக்கினால் முள் தெறிக்கும். கம்பின் நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். ஆனால் கல்லையோ வேரையோ நோக்கி ஓடினால் மட்டும் விடக் கூடாது. அங்கே நுழைந்துவிட்டால் நரம்புதான் மிஞ்சும்.

போலி மீன் போட்டும் பிடிப்பதுண்டு. கலங்கல் தண்ணீரில் அது அவ்வளவாக எடுபடாது. தானே காடியில் தெளிந்த தண்ணீருக்கு எங்கே போவது?

வயிற்றுக்குள் இருந்தது

2011 மே மாதக் கடைசி. ஒன்பதாவது ஆண்டு. விடியற்காலையில் டிராம்பே ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒன்பது கிலோக் கொடுவா மாட்டியது. கரை சேர்க்கவே கால் மணிக்கு மேல் ஆயிற்று. ஜெட்டியிலேயே ஒரு ஓட்டல் தரகர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். பாதி மாத வாடகை! வாழ்நாளிலேயே பெரிய மீன். அன்பருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தரகர் அங்கேயே வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்யச் சொன்னார். உள்ளே இரண்டு பக்கமும் மஞ்சளாக முட்டைப் பை. காக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "பெரியது எல்லாம் பொம்பளை, அண்ணா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கிழவர் சொன்னது உண்மை. கொடுவா முதலில் ஆணாக வாழும். சில ஆண்டு ஆணாக இருந்துவிட்டு, வளர்ந்து பெருத்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே மூன்று அடிக்கு மேற்பட்ட கொடுவா ஏறக்குறைய எல்லாமே தாய்தான். ஒரு பெரிய தாய் ஒரு கோடிக்கு மேல் முட்டை சுமக்கும். குஞ்சுகள் கழியிலும் ஓடையிலும் வளரும். சின்னதைப் பிடித்தால் ஆண் குறையும். பெரியதைப் பிடித்தால் அடுத்த தலைமுறையே குறையும். குயின்ஸ்லாந்தில் இதற்காகவே 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கொடுவாவை எடுக்கத் தடை வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மூன்று மாதம் கொடுவாவையே தொடக் கூடாது. இங்கே ஜூன், ஜூலையில் இயந்திரப் படகுகளுக்குத் தடை உண்டு. கரையில் நிற்கும் தூண்டில்காரனை யார் கேட்கிறார்கள்?

கேட்காவிட்டாலும், அந்த ஆண்டு முதல் மழைக்காலம் முடியும்வரை அன்பர் கம்பைத் தொடுவதில்லை.

மனைவி பேசாத இரண்டு நாள்

2019 நவம்பர். ஒரு ஏகாதசி விடியல். இந்தத் தடவை சிக்கியது மூன்றடி இரண்டங்குலம். பன்னிரண்டு கிலோ இருக்கும் என்பது அன்பரின் மதிப்பு. தராசில் வைக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் கண் இரண்டும் தணல் போல மின்னிக்கொண்டிருந்தன. ஜெட்டியில் இருபது பேர் கூடிவிட்டார்கள். தரகர் முன்பு கொடுத்ததைப் போல மூன்று மடங்கு பேசினார். வீட்டில் மகளுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டிய பணம் பாக்கி. காக்கா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அங்கே சாட்சி யாரும் இல்லை.

அன்பர் முழங்கால் சேற்றில் இறங்கி முள்ளைக் கழற்றினார். தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் இத்தனை கனமுள்ள மீனுக்கு உள்ளே அடிபட்டுவிடும். ஒரு கை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, தலையை ஏறுகிற நீருக்கு எதிராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிஷம் செவுள் மட்டும் அசைந்தது. பிறகு வாலால் ஒரு அடி. முகமெல்லாம் சேறு. மீன் போய்விட்டது.

"பாகல் ஹை கியா?" என்று கூட்டம் கத்தியது. தரகர் காறித் துப்பினார். வீட்டுக்குச் செய்தி அன்பருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "ஏங்க, அதை வித்திருந்தா பீஸு கட்டியிருக்கலாமே?" என்று ஒரு வார்த்தை கேட்டார் மனைவி. அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் கடைசியில் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டப்பட்டது.

எங்கே போகலாம், எங்கே கூடாது

இதைப் படித்துவிட்டுத் தூண்டிலோடு கிளம்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வாஷி பாலத்துக்கும் ஐரோலி பாலத்துக்கும் இடையில் மேற்குக் கரை 2015 முதல் பூநாரைச் சரணாலயம். 2022-ல் தானே காடி ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தப் பக்கம் தூண்டில் கூடாது. டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்தின் எல்லையை ஒட்டிப் போனாலும் வம்பு. சேற்றில் தனியாக இறங்குவது அதைவிட ஆபத்து; ஏற்றம் தொடங்கினால் திரும்பி நடக்க நேரம் இராது.

காடியில் பிடித்ததைச் சாப்பிடலாமா என்பது வேறு கேள்வி. குப்பைமேட்டின் ஊறலும், தொழிற்சாலைக் கழிவும், ஊர்ச் சாக்கடையும் அதில்தான் கலக்கின்றன. அன்பர் வீட்டில் காடி மீன் உலையேறி வெகு நாளாயிற்று. கொடுவா சாப்பிட ஆசை வந்தால் வளர்ப்பு மீன் வாங்குகிறார். அதிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1997-ல் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கொடுவாவை அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தது. சீர்காழிக்குப் பக்கத்தில் தொடுவாயிலும் ஒரு குஞ்சுப் பண்ணை இருக்கிறது.

இப்போது டிராம்பே ஜெட்டியில் நாலைந்து கோலிப் பையன்கள் அன்பரோடு நிற்கிறார்கள். செல்போனில் ஏற்ற நேரம் பார்க்கத் தெரிந்தவர்கள். ஆனாலும் அன்பர் வந்ததும் முதலில் கேட்பது, "இன்றைக்கு என்ன திதி?" என்றுதான். பதில் சொல்லாதவனுக்கு இரால் கிடையாது.