சோபாவும் தப்பிக்கணும்... பூனையும் தப்பிக்கணும்!

மழைக்காலம் வந்துட்டா சென்னை பேச்சிலர் ரூம்ல ரெண்டு விஷயம் நிச்சயம். ஒண்ணு, காயாத ஜீன்ஸ். இன்னொண்ணு, எங்கேருந்து வருதுன்னே தெரியாத ஒரு நாத்தம்! துவைக்காத சாக்ஸ் மேல பழியைப் போட்டுட்டு ஊதுவத்தி கொளுத்துவோம். கடைசியில பார்த்தா, குற்றவாளி ஹால்ல கம்பீரமா உட்கார்ந்திருக்கிற லெதர் சோபா. 'பாவம், மழையில நனைஞ்சுட்டிருந்துச்சு' என்று தூக்கி வந்த பூனைக்குட்டி, அதை டாய்லெட்டாக்கி ஒரு மாசம் ஆகியிருக்கும்.

அதுக்கப்புறம் நடக்கிறதுதான் வேதனை. ஹவுஸ் ஓனர் மூக்கைப் பொத்திக்கிட்டு, 'சோபா காசை அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன்' என்கிறார். ரூம்மேட்ஸ் அவசரக் கூட்டம் போட்டு, பூனையைப் பையில போட்டு ரெண்டு தெரு தள்ளி விட்டுட்டு வர்றாங்க. தட்டுல சோறு வெச்சுப் பழக்கின ஜீவன், தெரு நாய்களுக்கு நடுவுல எத்தனை நாள் தாங்கும்? கொஞ்சம் பொறுமை இருந்தா அட்வான்ஸ், சோபா, பூனை... மூணையுமே காப்பாத்தலாம்.

நாத்தம் எங்கே ஒளிஞ்சிருக்கு?

பூனையின் சிறுநீர் ரொம்ப அடர்த்தியானது. அதிலிருக்கும் யூரியாவை பாக்டீரியாக்கள் உடைச்சு அம்மோனியா ஆக்குது. கண்ணைக் கரிக்கிற நெடி அதுதான். போதாக்குறைக்கு, பூனை இனத்துக்கே உரிய 'ஃபெலினின்' என்ற பொருள் மெள்ளச் சிதைஞ்சு கந்தக நெடியைக் கிளப்பும். வளர்ந்த ஆண் பூனைகிட்ட இது அதிகம்.

நாம மேலாக லெதரைத் துடைச்சுட்டு 'முடிஞ்சது' என்று நினைக்கிறோம். ஆனா, சிறுநீர் தையல் ஓட்டை வழியா இறங்கி உள்ளே இருக்கிற ஃபோம்ல தங்கியிருக்கும். காத்துல ஈரப்பதம் ஏறினதும் மறுபடியும் நெடி. அதனாலதான் மழை வந்தா நாத்தமும் கூடவே வருது!

ஆபரேஷன் சோபா

முதல்ல அது நிஜ லெதர்தானா என்று பாருங்க. அடியில வெட்டு விளிம்பைப் புரட்டினா நார் நாராக இருந்தால் லெதர். துணி நெசவு தெரிஞ்சா ரெக்சின். லெதர்தான் என்றால் ஒரு சொட்டுத் தண்ணி வெச்சுப் பாருங்க. முத்து மாதிரி நின்னா மேல பூச்சு இருக்கு, தைரியமா துடைக்கலாம். உறிஞ்சிக் கறுத்தால் ஜாக்கிரதை, ஈரம் ரொம்பக் குறைவாகவே படணும்.

இப்பத்தான் நடந்ததா? பழைய காட்டன் துணியால ஒத்தி எடுங்க. தேய்ச்சா இன்னும் உள்ளே இறங்கும். அப்புறம் மைல்டான சோப்புத் தண்ணியில நனைச்சுப் பிழிந்த துணியால துடைச்சு, ஃபேன் காத்துல காய விடுங்க.

பழைய கேஸா? ஜிப்பைத் திறந்து ஃபோமை வெளியே எடுங்க. பெட் ஷாப்புல 'என்சைம் கிளீனர்' என்று கேட்டால் கிடைக்கும். நாத்தத்துக்குக் காரணமான பொருட்களையே இது உடைக்கும். ஃபோம் நனையுற அளவுக்கு ஊத்தி, சீக்கிரம் காயாம இருக்க பாலிதீன் கவரால மூடி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில பிழிஞ்சு வெயில்ல காயப் போடுங்க. லெதருக்கு மட்டும் நேரா ஸ்ப்ரே கூடாது. துணியில தொட்டு, முதல்ல கண்ணுக்குத் தெரியாத மூலையில டெஸ்ட் பண்ணிட்டு, உள்புறமும் வெளிப்புறமும் துடைக்கணும். ரெண்டு முறை செஞ்சும் போகலையா? ஃபோமை மட்டும் மாத்திடுங்க. அதுக்காக சோபாவையே தூக்கிப் போட வேணாம்.

பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீங்க. அது சிறுநீர் அம்மோனியாவோட சேர்ந்தா மூச்சைத் திணற வைக்கும் வாயு கிளம்பும். லெதரை மொட்டை வெயில்ல போட்டா சுருங்கி விரிசல் விடும். அம்மோனியா கலந்த கிளீனரும் வேணாம். 'அட, நம்ம இடம்!' என்று பூனை திரும்ப வந்து உட்காரும்.

தோலுக்கும் தாகம் உண்டு

ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகள்ல தோலைப் பதனிட்ட பிறகு எண்ணெய் ஊட்டுவாங்க. அந்தப் பசைதான் மிருதுவுக்குக் காரணம். சிறுநீரும் சோப்பும் பட்டுப் பட்டு அது குறைஞ்சு, தோல் விறைச்சுப் போகும். அதனால நல்லா காய்ஞ்ச பிறகு லெதர் கண்டிஷனரைக் கொஞ்சமாகத் தடவி, சாஃப்ட் துணியால துடைச்சு விடுங்க. தேங்காய் எண்ணெய் வேணாம். தோல் கறுத்து, தூசி ஒட்டி, நாளடைவில சிக்கு வாடை வரும். நிறம் போன இடத்துக்கு லெதர் கலர் க்ரீம் இருக்கு. பெரிய விரிசலா? லெதர் வேலை தெரிஞ்சவர்கிட்ட விட்டுடுங்க. 1948லயே அடையாறுல தோலுக்குன்னு ஆராய்ச்சி நிலையம் தொடங்கின ஊர் இது... தோல் தெரிஞ்சவங்களுக்கா பஞ்சம்?

பூனை என்ன சொல்ல வருது?

சோபா சுத்தமாயாச்சு. ஆனா காரணம் தெரியலைன்னா அடுத்த வாரமே பழைய கதைதான். பூனை பழிவாங்குறதுக்காக அசிங்கம் பண்றதில்லை. மண் தட்டு அழுக்கா இருக்கலாம். சத்தமான இடத்துல இருக்கலாம். ஒரு பூனைக்கு ரெண்டு தட்டு வைங்க, தினமும் அள்ளிச் சுத்தம் பண்ணுங்க. ஆண் பூனை அங்கங்கே பீய்ச்சி அடிச்சா, கருத்தடை பண்ணினா பெரும்பாலும் அடங்கிடும்.

ஒரு முக்கியமான விஷயம். பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டுச் சொட்டாத்தான் வருதா, இல்லை வரவே இல்லையா? திட்டாதீங்க. சிறுநீர்ப் பாதை அடைச்சிருக்கலாம். ஆண் பூனைக்கு இது ரெண்டொரு நாள்ல உயிரையே பறிச்சிடும். அன்னிக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. சென்னையில வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு.

சோபாவுல விழுந்த கறை, சில நேரம் பூனை எழுதின லீவ் லெட்டர் மாதிரி... 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று! பையைத் தேடுறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்.