அரண்மனை போல ஒரு பேங்க்



சென்ற கோடை விடுமுறையில் சென்னையில் உள்ள என் சித்தி வீட்டுக்குப் போனோம். ஒரு நாள் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலையில் நடந்தோம். அங்கே செக்கச்செவேல் என்று ஒரு பெரிய கட்டடம். அம்மாயி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எந்த ராசா அரமனை கண்ணு?" என்று கேட்டார். சித்தப்பா சிரித்தார். "அரமனை இல்லீங்க அத்தை, பேங்கு" என்றார். எனக்கும் ஆச்சரியம்தான். பேங்குக்கு எதற்கு இத்தனை அலங்காரம்? அதைத் தெரிந்துகொண்டு எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

யார் கட்டியது?

1843-ம் ஆண்டு 'பேங்க் ஆஃப் மெட்ராஸ்' தொடங்கப்பட்டது. அந்த வங்கிக்காக 1897-ல் முடிக்கப்பட்ட கட்டடம் இது. கட்டடக்கலை வல்லுநர் ஹென்றி இர்வின். எழும்பூரில் உள்ள விக்டோரியா நினைவு மண்டபம், மைசூர் அரண்மனை ஆகியவையும் இவர் வடிவமைத்தவையே. கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் நம் தமிழர், நம்பெருமாள் செட்டியார். சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டியவரும் இவரே. வல்லுநர் தாளில் வரைந்ததைச் செங்கல்லாக நிறுத்தியவர்கள் இவரும், பெயர் தெரியாத எத்தனையோ கொத்தனார்களும், தச்சர்களும், சித்தாள்களும்தான்.

1921-ல் பம்பாய், வங்காள வங்கிகளோடு இந்த வங்கியும் சேர்ந்து 'இம்பீரியல் பேங்க்' ஆனது. அதுதான் 1955-ல் பாரத ஸ்டேட் வங்கி ஆனது.

அழகும் பயனும்

இந்தக் கட்டட முறைக்கு இந்தோ-சாரசெனிக் என்று பெயர். முகலாயர் பாணி வளைவுகளும் குவிமாடங்களும், நம் நாட்டுத் தூண் வேலைப்பாடும், ஆங்கிலேயர் கட்டும் முறையும் இதில் கலந்திருக்கும்.

வளைவு வெறும் அழகுக்கு மட்டும் இல்லை. மேலே இருக்கும் பாரத்தை அது இரண்டு பக்கமும் பிரித்துத் தூணுக்கு அனுப்பிவிடும். அதனால் நீளமான கல் உத்தரம் தேவையில்லை. கனமான செங்கல் சுவர் வெயிலைச் சீக்கிரம் உள்ளே விடாது. உயரமான கூடத்தில் சூடான காற்று மேலே போய்விடும். நம்ம ஊர் தறிப்பட்டறையில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே மத்தியானம் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்!

ஏன் இத்தனை அலங்காரம்?

நம்பிக்கைக்காகத்தான். கையில் இருக்கும் காசை முன்பின் தெரியாதவரிடம் யாராவது கொடுப்பார்களா? "நாங்கள் ஓடிப்போக மாட்டோம், நூறு வருஷம் இருப்போம்" என்று வாயால் சொல்வதைக் கட்டடத்தால் சொன்னார்கள்.

ஆனால் கட்டடத்தை மட்டும் நம்பலாமா? எங்கள் அம்மா தறி ஓட்டிச் சேர்த்த பணத்தை ஒரு சீட்டுக் கம்பெனியில் கட்டினார். கண்ணாடிக் கதவு, ஏசி, குஷன் நாற்காலி எல்லாம் இருந்தது. ஒரு நாள் போனால் பூட்டு தொங்கியது. அது அக்கா கல்லூரிக்கு வைத்திருந்த பணம். அன்றைக்கு அம்மா சாப்பிடவே இல்லை.

இதே போல 1906-ல் சென்னையில் நடந்திருக்கிறது. பெரிய பேர் பெற்ற ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, ஆயிரக்கணக்கானவர்கள் பணத்தை இழந்தார்கள். அதன் முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அதற்குப் பிறகுதான் வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014 ஜூலையில் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் தீப்பிடித்தது. மேல்தளம் மிகவும் சேதமானது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கைவேலை எரிந்ததை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கணக்கு வைத்திருந்தவர்களின் பணம் எரியவில்லை. ஆர்பத்நாட்டில் தீயே பிடிக்கவில்லை, பணம் போய்விட்டது!

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். பழைய கட்டடங்களின் அழகை நாம் ரசிக்க வேண்டும், பாதுகாக்கவும் வேண்டும். ஆனால் பணத்துக்குக் காவல் சுவர் இல்லை, சரியான கணக்கும் சட்டமும்தான். வங்கியில் போடும் பணத்துக்குக் காப்பீடு உண்டு. அதன் வரம்பு 2020-ல் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. சீட்டு என்றால் அரசிடம் பதிவு செய்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

அம்மா இப்போது மகளிர் குழுவில் சேர்ந்து, ஓட்டுக் கட்டடத்தில் இருக்கும் ஒரு சின்ன வங்கிக் கிளையில் சேமிக்கிறார். அங்கே குவிமாடமும் இல்லை, குஷன் நாற்காலியும் இல்லை. மாதாமாதம் பாஸ்புக்கில் பதிந்ததை நான்தான் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பாஸ்புக்கை இன்று ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி